வெறிநோய்க் கிருமி செல்லும் வழி

வெறிநாய் கடித்தவுடன் நோய் வந்துவிடுவதில்லை. காயம் ஆறிவிடுகிறது, தழும்பும் மங்கிவிடுகிறது, கடிபட்டவர் வழக்கம்போல் தம் அலுவலுக்குச் சென்று வருகிறார். ஒரு மாதமோ, மூன்று மாதமோ, சிற்சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேலோ கழிந்தபின், ஆறிப்போன அந்த இடத்தில் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றுகின்றன. காய்ச்சல் அடிக்கிறது. தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டு சென்றால் தொண்டை இறுகுகிறது. அந்த நிலை வந்தபின் மருத்துவம் கைகொடுப்பது மிக மிக அரிது. சில நாட்களில் உயிர் பிரிந்துவிடுகிறது. கடிக்கும் நோய்க்கும் இடையே நிலவும் இந்த நீண்ட அமைதிதான் வெறிநோயின் புதிர். நமக்குக் கிடைத்துள்ள ஒரே வாய்ப்பும் அதுவே. அந்த அமைதிக் காலத்தில் கிருமி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதை அறிய விஞ்ஞானிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நாயிடமும் முயலிடமும் எலியிடமும் வௌவாலிடமும் ஆராய்ந்து வந்திருக்கின்றனர். நாய் கடித்தால் இன்று மருத்துவமனையில் நமக்குச் செய்யப்படும் ஒவ்வொன்றும் அந்த ஆராய்ச்சியிலிருந்தே பிறந்தது.

இதனை ஏதோ விஞ்ஞான வரலாறு என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-23-இல் நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 91 இலட்சம் பேர் விலங்குக் கடிக்கு ஆளாகின்றனர்; 5,700 பேருக்கு மேல் வெறிநோயால் மடிகின்றனர் என்று மதிப்பிடப்பட்டது. சொந்த ஊரில் ஒரு நாய் கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று சொல்ல நாலுபேர் இருப்பார்கள். தில்லியிலோ சூரத்திலோ ராஞ்சியிலோ புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அத்துடன், ஊரிலிருந்து உடன் கொண்டுவந்த பழைய அச்சம் ஒன்றும் இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் அச்சமே அது. அதற்குப் பயந்து, கடிபட்டதைத் தாயிடம் மறைக்கும் குழந்தைகள் இன்றும் உண்டு. அந்த ஊசி எங்கிருந்து வந்தது, எப்போது ஒழிந்தது என்பதையும் இவ்வரலாற்றின் நடுவே காண்போம்.

நோய் உமிழ்நீரில் இருக்கிறது என்பதைச் சோதனையால் மெய்ப்பித்தவர் ஜெர்மானியராகிய ட்ஸிங்கே. 1804-ஆம் ஆண்டில் அவர் வெறிநாயின் உமிழ்நீரை, நலமாக இருந்த வேறொரு நாயின் உடலில் கீறிய இடத்தில் தடவினார். அந்த நாய்க்கும் வெறி பிடித்தது. பின்னர் 1879-இல் பிரான்சின் லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்த கால்த்தியே, நாயிடமிருந்து முயலுக்கு நோயை ஏற்றிக் காட்டினார். இது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால் வெறிநாயைக் கூண்டில் வைத்து ஆராய்வதைவிட முயலை வைத்து ஆராய்வது எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

இவ்விடத்திலிருந்துதான் லூயி பாஸ்டர் தொடங்கினார். உமிழ்நீரில் பல கிருமிகள் கலந்திருப்பதால் அது நம்பத்தக்கதாக இல்லை. நோயாளியின் துன்பம் முழுவதும் மூளையிலும் நரம்பிலும் தெரிகிறதே, கிருமியும் அங்கேதானே இருக்க வேண்டும் என்று அவரும் அவருடைய உதவியாளர் ரூவும் கருதினர். நோயுற்ற பிராணியின் மூளைப்பொருளை எடுத்து முயலின் மூளைமேல் நேரே செலுத்தினர். நோய் தவறாமல் வந்தது. ஒரு முயலிலிருந்து மறு முயலுக்கு என்று பலமுறை மாற்றிய பிறகு, சரியாக ஏழு நாளில் நோய் தோன்றும் அளவுக்குக் கிருமி நிலைபெற்றது. அந்த முயல்களின் தண்டுவடத்தைக் குப்பியில் தொங்கவிட்டு உலர்த்தினால், நாளுக்கு நாள் அதன் வீரியம் குறைந்தது. பதினான்கு நாள் உலர்ந்தது ஏறக்குறைய வலுவிழந்துவிட்டது. வலுவற்றதை முதலில் செலுத்தி, படிப்படியாக வலுவுள்ளதைச் செலுத்தினால் நாய்க்கு வெறி வராமல் காக்கலாம் என்று பாஸ்டர் கண்டார். 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், வெறிநாயால் பல இடங்களில் கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மைஸ்தருக்கு இம்முறையில் ஊசி போடத் தொடங்கினார். பதின்மூன்று ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடித்த பின்பு தடுப்பூசி போடும் வழக்கம் நோய்களுள் மிக அரிது. பெரியம்மைக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் நோய் அணுகுமுன்னரே தடுப்பு மருந்து கொடுத்தார்கள். வெறிநோயில் கிருமி உடலுக்குள் புகுந்த பின்பும் தடுக்க முடிவது, அது மெல்லச் செல்வதால்தான். பாஸ்டர் அக்கிருமியைக் கண்ணால் கண்டதே இல்லை என்பதும் வியப்பு. அக்காலத்து நுண்பெருக்கிக்கு அது எட்டவில்லை. 1903-இல் நெக்ரி என்னும் இத்தாலியர், நோயுற்ற பிராணிகளின் மூளை அணுக்களில் தனிப்பட்ட சிறு திரள்களைக் கண்டார். ஆனால் அவை கிருமி அல்ல, கிருமி வேலை செய்த அடையாளமே. 1960-களின் தொடக்கத்தில்தான் மின்னணு நுண்பெருக்கியின் வழியே அதன் உருவம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு முனை தட்டையாகவும் மறுமுனை உருண்டும் உள்ள துப்பாக்கிக் குண்டின் வடிவம் அது.

அந்தக் குண்டு செல்லும் வழி எது? இரத்தத்தின் வழியாகச் செல்லுமாயின், பாம்பின் நஞ்சைப்போல் விரைவில் உடலெங்கும் பரவியிருக்கும். 1965-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பேயர், சாந்தவீரப்பா முதலியோர் எலிகளின் பாதத்தில் கிருமியைச் செலுத்தி, காலிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் நரம்பை அறுத்துப் பார்த்தனர். நரம்பு உரிய காலத்தில் அறுபட்ட எலிகள் பிழைத்தன. இரத்தக்குழாய்கள் அப்படியே இருந்தும் நோய் வரவில்லை. ஆகவே கிருமி நரம்பின் உட்புறமாகவே, ஊர்ந்து செல்வதுபோல், நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் அளவே மேல்நோக்கிச் செல்கிறது. காலில் கடித்தால் நோய் தோன்ற நாள் செல்வதும், முகத்திலும் தலையிலும் கழுத்திலும் கடித்தால் விரைந்து தோன்றுவதும் இதனால்தான். குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி என்பதும் இதிலிருந்தே விளங்கும். நாயின் வாய்க்கு எட்டுவது அவர்களுடைய முகமல்லவா?

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. காலிலிருந்து மூளைக்கு ஒரு மீட்டர் தூரம் என்று கொண்டாலும், சில வாரங்களில் கிருமி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு என்று சிலரிடம் அது எங்கே தங்குகிறது? இதற்கு விடை தந்தது கானடா நாட்டு ஸ்கங்க் என்னும் பிராணி. நம் மரநாயைப்போல் நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு அது. சார்ல்ட்டன் என்பவரும் உடனுழைத்தோரும் ஸ்கங்குகளின் தசையில் கிருமியைச் செலுத்தி, வாரக்கணக்கில் காத்திருந்து ஆராய்ந்து, 1997-இல் தம் முடிவை வெளியிட்டனர். நோய் தோன்றாத காலத்தில் கிருமி நரம்பில் இல்லை; மூளையில் இல்லை; கடிபட்ட இடத்துத் தசையிலேயே பதுங்கிக் கிடந்தது. அதாவது, வழிப்பயணத்தில் அன்று, புறப்படுமுன் வாசலிலேயே அது நாளைக் கழிக்கிறது. கடித்து ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று கேட்போருக்கு இந்தச் சிறு விலங்கு விடை கூறுகிறது. தாமதமாகிவிட்டாலும் போய்ப் போட்டுக்கொள்வதே முறை.

கிருமி வாசலிலேயே நிற்கிறது என்றால், அங்கேயே அதனை அழிக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. பழங்காலத்தில் காயத்தைச் சூட்டுக்கோலால் சுட்டனர். பின்னர் நைட்ரிக் அமிலத்தால் பொசுக்கினர். 1943-இல் சிகாகோ நகரில் ஷானெஸ்ஸி, ஸிக்கிஸ் என்னும் இருவர் கினிப் பன்றிகளின் காயத்தில் கிருமியைத் தடவி, ஒரு பகுதிக்கு அமிலமும் மற்றொரு பகுதிக்குச் சோப்புக் கரைசலும் இட்டு ஒப்பு நோக்கினர். எரிக்கும் அமிலத்துக்குச் சோப்பு இளைத்ததன்று என்று தெரிந்தது. காரணமும் பின்னர் விளங்கிற்று. இக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் சோப்பு அதனைக் கரைத்துவிடுகிறது. ஆகவே, கடித்த உடனே, வேறெதையும் தேடாமல், குழாயடியில் நின்று சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் இவற்றில் எதுவும் வேண்டா. அவை காயத்தைப் புண்ணாக்குவதல்லாமல் கிருமியை உள்ளே அழுத்தவும் கூடும். பதினைந்து நிமிடம் என்பது நெடுநேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினாலன்றி இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவோம்.

இனி ஊசியின் கதைக்கு வருவோம். நம் நாட்டில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-ஆம் ஆண்டில் இமயத்தின் அடிவாரத்துக் கசௌலியில் ஏற்பட்டது. தென்னாட்டார்க்கு 1907-இல் நீலகிரியின் குன்னூரில் ஒன்று அமைந்தது. கசௌலியில் பணிபுரிந்த டேவிட் செம்பிள், 1911-ஆம் ஆண்டளவில் புதியதொரு மருந்தை ஆக்கினார். கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையைக் கரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று ஆக்கியது அது. எங்கும் அனுப்பத்தக்கதாகவும் மலிவாகவும் இருந்ததால், உலகின் பல பகுதிகளில் அது பரவியது. எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. அதனை இகழ்வது நன்றன்று. எனினும் அதன் ஆற்றல் குறைவாகையால் நாள்தோறும் அதிக அளவில் வயிற்றில் செலுத்த வேண்டியிருந்தது. தொப்புளைச் சுற்றிய ஊசிகள் என்பது இதுதான். மேலும், ஆட்டு மூளையின் நரம்புப் பொருளை நம் உடல் பகையெனக் கருதி எதிர்க்கத் தொடங்கி, அந்த எதிர்ப்பு நம் சொந்த நரம்பின் மேலேயே திரும்பிச் சிலர்க்கு வாதம் வந்ததும் உண்டு. இம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் கிருமியைப் பெருக்கி, கொன்று, தூய்மை செய்த தடுப்பூசியே போடப்படுகிறது. வயிற்றில் அல்ல, கையில். தசையில் போட்டால் முதல் நாளைச் சுழியமாகக் கொண்டு 0, 3, 7, 14, 28 ஆகிய ஐந்து நாட்கள்; அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நான்கு நாட்கள். வலி எறும்புக்கடிக்குச் சற்று மேல்.

ஆனால் தடுப்பூசி மட்டும் எப்போதும் போதாது. ஊசி போட்டபின் உடல் எதிர்ப்புச் சக்தியை ஆக்க ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகின்றன. முகத்தில் கடித்திருந்தால் கிருமி அதற்குள் முந்திவிடலாம். இதற்கு விடை 1954-இல் பாரசீகத்தில், ஸஹ்னே என்னும் சிற்றூரில் கிடைத்தது. ஒரு வெறிகொண்ட ஓநாய் ஊருக்குள் புகுந்து 29 பேரைக் கடித்துக் குதறிற்று. தெஹரான் பாஸ்டர் நிலையத்தின் பால்த்தஸாரும் பஹ்மன்யாரும் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தனர். தலையில் கடிபட்டவர்களுள் தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தனர்; தடுப்பூசியோடு, ஆயத்தமான எதிர்ப்பொருள் அடங்கிய சீரமும் பெற்ற பதின்மூவரில் ஒருவரே இறந்தார். அன்றிலிருந்து, இரத்தம் கசியும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிச் சீரமும் செலுத்த வேண்டும் என்பது மருத்துவ விதியாயிற்று. குதிரையின் குருதியிலிருந்தும் மனிதர் குருதியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் ஆய்வுக்கூட உயிரணுக்களைக் கொண்டே ஆக்கும் எதிர்ப்பொருளும் வந்துள்ளது. ஆயினும் பல சிறு மருத்துவமனைகளில் இது கையிருப்பில் இருப்பதில்லை. கேளாவிட்டால் சொல்வாரும் இல்லை. வடநாட்டில் இருப்போர் ‘ரேபீஸ் கா டீகா’ என்று கேட்டால் தடுப்பூசி கிடைக்கும். அதனோடு ‘இம்யூனோகுளோபுலின்’ அல்லது ‘சீரம்’ என்ற சொல்லையும் நினைவில் கொண்டு, “அதுவும் தேவையா?” என்று கேட்பது நம் கடமை என்றே கருதுகிறோம்.

கடித்த நாயைப் பத்து நாள் பார்க்க வேண்டும் என்பதும் சோதனையின் பயனே. கிருமி மூளையை அடைந்த பிறகே அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. ஆகவே உமிழ்நீரில் கிருமி தோன்றியபின் நாய் நெடுநாள் நலமாக வாழ்வதில்லை. பத்து நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் வாயில் கிருமி இல்லை என்பது உறுதி. இது நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே உரிய கணக்கு. குரங்குக்கோ கீரிக்கோ பொருந்தாது. நாயைப் பார்த்துக்கொண்டே ஊசியைத் தொடங்கிவிட வேண்டுமேயன்றி, பத்து நாள் கழியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. மற்றொன்று: எல்லா வெறிநாயும் ஓடி ஓடிக் கடிப்பதில்லை. சில நாய்கள் மூலையில் ஒடுங்கி, தாடை தொங்க, எச்சில் வடியக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரங்கி வாயில் கைவிடுவோர், கடிபடாமலே நோய்க்கு ஆளாகக் கூடும்.

வெறிநோய்க்கு உறவினர் உண்டு என்பது வெகுநாள் தெரியாதிருந்தது. 1925 முதல் டிரினிடாட் தீவில் மாடுகள் கால் விழுந்து மாண்டன; பின்னர் மனிதரும் மாண்டனர். நஞ்சு என்றனர், இளம்பிள்ளை வாதம் என்றனர். நாய் எதுவும் கடிக்கவில்லையே! 1931-இல் பவான் என்னும் அத்தீவின் மருத்துவ ஆராய்ச்சியாளர், மாண்டவர் மூளையில் நெக்ரி கண்ட அதே திரள்களைக் கண்டார். இரவில் இரத்தம் உறிஞ்சும் வௌவால்களே நோயைப் பரப்பின என்று நிறுவினார். இரத்தம் உறிஞ்சும் வௌவால் நம் நாட்டில் இல்லை. ஆனால் வௌவாலின் தொடர்பு அத்தோடு நிற்கவில்லை. 1956-இல் நைஜீரியாவின் லாகோஸ் தீவில் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து ஒரு கிருமி கிடைத்தது. 1968-இல் அந்நாட்டின் இபதான் நகரருகே மூஞ்சூறுகளிடமிருந்து மொக்கோலா என்னும் வேறொன்று கிடைத்தது. இவை வெறிநோய்க் கிருமியின் பங்காளிகள் என்று 1970-இல் உறுதியாயிற்று. வெறியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இக்குடும்பத்தை லிஸ்ஸா வைரஸ் என்று வழங்குகின்றனர். இன்று பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன; பெரும்பாலானவை வௌவால்களிடம் வாழ்கின்றன. நாய்வெறியே இல்லாத ஆஸ்திரேலியாவில் 1996-இல் பழந்தின்னி வௌவாலிடம் இத்தகைய கிருமி தோன்றியது. வௌவால்களைப் பராமரித்த ஒருவர் அவ்வாண்டே இறந்தார்.

நம்மை நெருங்கியும் ஒன்று உண்டு. இலங்கையில் பேராதனைப் பகுதியில் நோயுற்று விழுந்த பழந்தின்னி வௌவால்களின் மூளையில் காணப்பட்டு, கன்னொறுவ என்னும் ஊரின் பெயரால் 2016-இல் அறிவிக்கப்பட்ட கிருமி அது. ஆலமரத்திலும் புளியமரத்திலும் தலைகீழாகத் தொங்கும் அதே வௌவால்தான் இந்தியா முழுவதும் இருக்கிறது. நாகாலாந்தில் குகை வௌவால்களிடம் இக்குடும்பக் கிருமிக்கு எதிர்ப்பொருள் இருப்பதைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2017-இல் தெரிவித்தனர். நம் தடுப்பூசி இவற்றைத் தடுக்குமா என்பதைச் சுண்டெலிகளிடமும் பிற சிறு பிராணிகளிடமும் சோதித்திருக்கின்றனர். வெறிநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவுடைய ஆஸ்திரேலியக் கிருமி, கன்னொறுவக் கிருமி போன்றவற்றுக்கு அது பயன்படும் என்று கொள்ளப்படுகிறது. மொக்கோலா, லாகோஸ் போன்ற தூரத்து உறவினரிடம் அது செல்லாது. 2002-இல் காகசஸ் மலையில் ஒரே ஒரு வௌவாலிடம் கண்டெடுத்த தூரத்துக் கிருமியொன்று, 2020-இல் இத்தாலியின் அரெத்ஸோ நகரில் ஒரு வீட்டுப் பூனையிடம் தோன்றியது. இதனால் வௌவாலைக் கண்டு நடுங்கவோ மரங்களை வெட்டவோ காரணமில்லை. தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடாதிருந்தால் போதும். கடித்தாலோ கீறினாலோ நாய்க்கடிக்குச் செய்வதையே செய்ய வேண்டும்.

நம் நாட்டில் கொல்வது வௌவால் அன்று, நாய்வெறியே. அதனை விலங்கிடத்திலேயே ஒழிக்க முடியும் என்பதற்கு ஐரோப்பிய நரிகள் சான்று. 1940-களில் போலந்துப் பக்கமிருந்து நரிகளின் வழியே மேற்கே பரவிய வெறிநோயை வேட்டையாடித் தடுக்க முயன்றனர், பயனில்லை. காட்டு நரியைப் பிடித்து ஊசி போடுவது எவ்வாறு? வாய்வழியே தடுப்பு மருந்து கொடுத்தும் நரியைக் காக்கலாம் என்று, எலியின் நரம்பை அறுத்த அதே பேயர் 1971-இல் காட்டியிருந்தார். 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில், கோழித்தலைகளுக்குள் மருந்தை வைத்துக் காட்டில் இட்டனர். நரிகள் தின்றன, நோய் அந்த எல்லையில் நின்றது. 1999-இல் சுவிட்சர்லாந்தும் 2001-இல் பிரான்சும் நரிவெறி நீங்கிய நாடுகளாயின.

நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். கொல்வதால் அறுவதில்லை. இந்தோனேஷியாவின் புளோரஸ் தீவில் 1997-இல் நோய் புகுந்தபோது ஏராளமான நாய்களைக் கொன்றும் அது நிலைத்துவிட்டது. மாறாக, கோவா மாநிலத்தில் 2013 முதல் தெருநாய்களையும் வீட்டுநாய்களையும் வலையிட்டுப் பிடித்து, ஊசி போட்டு, வண்ணக்குறி இட்டு, அதே தெருவில் விட்டனர். 2017-ஆம் ஆண்டு செப்டம்பருக்குப் பின் அங்கே வெறிநோயால் மனிதர் இறந்த செய்தி இல்லை என்றும், நாய்களிடையே நோய் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தது என்றும் 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குட்டிகள் பிறந்துகொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் மீண்டும் போட வேண்டியிருக்கிறது. வலைக்கு அகப்படாமல் ஓடிப் பழகிவிட்ட நாய்களே பெருந்தொல்லை. அவற்றுக்கு, ரோன் பள்ளத்தாக்கின் நரிகளுக்குப் போல, உணவில் மருந்து வைத்துக் கொடுக்கலாமா என்று கோவாவிலேயே சோதித்து 2019-இல் எழுதியிருக்கின்றனர். அச்சோதனையில் வைத்தவை மருந்தில்லாத வெற்று இரைகள். வலைக்கு அஞ்சி ஓடும் நாய்கள் பலவும் இரைக்கு அருகே வந்து தின்றன.